மின்சார ட்வீசரால் முடி நிரந்தரமாகப் போகாது: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முகத்து முடியை நிரந்தரமாக நீக்கித் தருவதாகச் சொல்லி, மின்சார ட்வீசர் பேக்கேஜ் விற்கும் இடங்கள் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினேன். முடி போகவில்லை. மோவாயில் கரும்புள்ளிகள்தான் மிச்சம். இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் விற்கும் விதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அதை விவரமாகச் சொல்கிறேன்.

கருவி பார்க்கச் சாதாரண ட்வீசர்தான், அதாவது முடி பிடுங்கும் பிளக்கர்; கூடவே ஒரு வயரும் பெட்டியும் சேர்ந்திருக்கும். தோலில் ஏதோ ஜெல் தடவுவார்கள். முடியை ட்வீசரால் பிடித்துச் சில நொடிகள் வைத்திருப்பார்கள், பெட்டி ‘பீப்’ என்று சத்தம் போடும், பிறகு முடியை உருவுவார்கள். முடி வழியாக மின்சாரம் இறங்கி வேரைப் பொசுக்கிவிடுகிறதாம். ஊசி இல்லை, வலி இல்லை, தழும்பு இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் சிட்டிங்கிலேயே ஒரு முடியைப் பூதக்கண்ணாடியில் காட்டினார்கள். அதன் அடியில் வெள்ளையாக ஒரு சின்ன முனை. “பாருங்க மேடம், வேரே வந்துடுச்சு. இனிமே இந்த இடத்துல முளைக்க வாய்ப்பே இல்ல” என்றார் அங்கே வேலை செய்யும் பெண். இந்தக் காட்சிதான் அவர்களுடைய பெரிய விற்பனைத் தந்திரம். ஆனால் வீட்டில் இருக்கும் பிளக்கரால் ஒரு முடியைப் பிடுங்கிப் பார்த்தாலும் அதே முனை தெரியும். வளர்ந்துகொண்டிருந்த முடி என்றால் முனை கருமையாக, மெத்தென்று இருக்கும். வளர்ச்சி நின்று ஓய்வில் இருந்த முடி என்றால் வெள்ளையாக, குச்சித் தலைபோல இருக்கும். இரண்டுமே முடியின் அடிப்பகுதிதான், முடியை உண்டாக்கும் இடம் அல்ல. அந்த இடம் மயிர்க்காலின் அடியில் இருக்கிறது. முடிக்கு ரத்தமும் கட்டளையும் கொடுக்கும் சதை மொட்டு ஒன்று அங்கே இருக்கிறது. மயிர்க்காலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் சற்று மேலே, அதன் சுவரில் இருக்கின்றன. பிடுங்கும்போது இவை பெரும்பாலும் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் முடி திரும்பி வருகிறது.

அப்படியானால் மின்சாரம்? உலர்ந்த முடி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஜெல் தடவினால் மின்சாரம் ஈரமான தோல் மேற்பரப்பில்தான் பரவும். முடிக்குள் புகுந்து அடிவரை இறங்கி வேரைச் சுடுவதற்கு வழியில்லை. இந்தக் கருவி முடியை நிரந்தரமாக நீக்கும் என்று நிலைநாட்டப் போதுமான சான்று இல்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே சொல்லியிருக்கிறது. விற்பவர்கள் இதை எலக்ட்ராலிசிஸ் என்று சொல்லிக் குழப்புவார்கள். நிஜமான எலக்ட்ராலிசிஸ் வேறு. அதில் மெல்லிய ஊசி ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் நுழையும், அங்கேதான் மின்சாரம் வேலை செய்யும். 1875ஆம் ஆண்டு சார்லஸ் மிஷல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணைக் குத்தும் உள்வளர்ந்த இமைமுடிகளை எடுக்க இதைப் பயன்படுத்தியதாக எழுதினார். ஊசி உள்ளே போகவில்லை என்றால் அது எலக்ட்ராலிசிஸ் இல்லை. ‘ஊசி உள்ளே போகுமா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பலருடைய பேச்சு மாறிவிடும்.

சரி, முடி திரும்பி வந்தால் வாடிக்கையாளர் கேட்க மாட்டாரா? கேட்பார். அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் சில காலம் வளரும், பிறகு சுருங்கும், பிறகு ஓய்வெடுக்கும். தலைமுடியின் வளர்பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள்வரை நீளும். புருவத்துக்கு அது சில வாரங்கள்தான். இன்று மோவாயில் பத்து முடி தெரிகிறது என்றால், பக்கத்தில் இன்னும் சில மயிர்க்கால்கள் ஓய்வில் இருக்கின்றன என்று அர்த்தம். நான் முடி திரும்ப வந்ததைக் காட்டியபோது, “இது நாங்க எடுத்த முடி இல்ல மேடம், அப்போ தூங்கிட்டிருந்த முடி இப்போ எழுந்திருக்கு” என்றார்கள். இதைச் சொல்லியே பேக்கேஜ் நீண்டுகொண்டே போகும். எது பழைய முடி, எது புதிய முடி என்று யாராலும் அடையாளம் சொல்ல முடியாதே!

நடுவில் கிடைக்கும் வழவழப்புக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமில்லை. ஷேவ் செய்தால் முடி தோல் மட்டத்தில் வெட்டப்படுகிறது, மறுநாளே கையில் தட்டுப்படும். பிடுங்கினால் மயிர்க்கால் புதிய முடியை அடியிலிருந்து கட்ட வேண்டும், அது தோலுக்கு மேலே எட்டிப் பார்க்கப் பல வாரங்கள் ஆகும். மோவாயில் சில சமயம் மூன்று மாதம்கூட ஆகலாம். சாதாரண பிளக்கரும் இதையே தரும். அந்த இடைவெளியைத்தான் தங்கள் சிகிச்சையின் பலன் என்று விற்கிறார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தபின் ஒன்று செய்தேன். மோவாயின் வலப்பக்கத்தை மட்டும் அவர்களிடம் விட்டேன். இடப்பக்கத்தை அதே நாளில் வீட்டில் சாதாரண பிளக்கரால் எடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தேன். முடி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே திரும்பி வந்தது, அதே தடிமனில். இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஒரு முகம்தானே. ஆனாலும் பணம் கட்டிய பக்கம் எது என்று என் தங்கையிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டேன், அவளால் சொல்ல முடியவில்லை.

போட்டோவோடு போனபோது பேச்சு அப்படியே தலைகீழானது. “வீட்ல பிடுங்குனீங்களா? அதனாலதான் ஒன்னுக்குப் பத்தா வருது!” அதாவது, அவர்கள் பிடுங்கினால் முடி சாகும், நான் பிடுங்கினால் பெருகும்.

ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஒரு மயிர்க்காலிலிருந்து முடியைப் பிடுங்குவதால் புதிய மயிர்க்கால்கள் பிறப்பதில்லை, அவை நாம் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. 2015இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் முதுகில் செய்த சோதனையை இதற்கு ஆதாரமாகக் காட்டுபவர்களும் உண்டு. குறிப்பிட்ட நெருக்கத்தில் 200 முடிகளைப் பிடுங்கியபோது, 1200 வரை முளைத்தன. ஆனால் கூடுதலாக முளைத்தவை ஏற்கெனவே அங்கே ஓய்வில் இருந்த மயிர்க்கால்களிலிருந்து வந்தவை. எலியின் முதுகில் நடந்ததை நம் மோவாய்க்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்ற நம்பிக்கையும் இதே வகைதான். 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஷேவிங்கால் வளர்ச்சி மாறவில்லை என்று எழுதியிருக்கிறார்.

பிடுங்குவது எந்த மாற்றமும் செய்யாது என்று சொல்லவும் முடியாது. ஓய்வில் இருக்கும் முடியைப் பிடுங்கினால் அந்த மயிர்க்கால் சீக்கிரமே அடுத்த சுற்றைத் தொடங்கக்கூடும். பல வருடம் விடாமல் பிடுங்கினால் சில மயிர்க்கால்கள் சேதமாகி முடி மெலியலாம், முளைக்காமலும் போகலாம். இளவயதில் புருவத்தை நூல்போல ஆக்கிக்கொண்டு, பிறகு அடர்த்தி வராமல் தவிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாத இடத்தில் மட்டும் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை!

பிறகு நான் போய்ப் பார்த்த தோல் மருத்துவர்தான் என் முடி அதிகமானதற்குக் காரணத்தைத் தேடினார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எடை கூடியதா, முகப்பரு உண்டா என்று கேட்டார். அந்த பார்லரில் இத்தனை மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்விகள். ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோன் தூண்டினால் மெல்லிய பூனைமுடி கருத்துத் தடித்த முடியாக மாறும். பெண்களுக்கு மோவாய், மேலுதடு, வயிறு போன்ற இடங்களில் இது நடந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை-ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கறுப்பு முடி வந்துகொண்டிருந்தால், வெளியே எதைக் கொண்டு பிடுங்கினாலும் உள்ளே நடப்பது நிற்காது. திடீரென வேகமாகக் கூடினால், குரல் தடித்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கரும்புள்ளி கதையும் உண்டு. பிடுங்கும்போது முடி நடுவில் அறுந்தால், மிச்சம் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். அந்த இடம் சிவந்து பருப்போல வீங்கும், நோண்டினால் கறுக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தக் கறை மாதக்கணக்கில் தங்கும். இதைப் பற்றி முன்பே சொன்னார்களா என்றால், இல்லை. கறைக்கு அவர்களிடமே தனியாக ஒரு பேக்கேஜ் இருந்தது என்பதை மட்டும் சொன்னார்கள்.

கடைசியில் லேசருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள், அடுத்த வாரமே தொடங்கலாம் என்று. இங்கே இன்னொரு ஆபத்து. லேசர் தேடுவது முடியின் கறுப்பு நிறத்தை. வேரோடு பிடுங்கியிருந்தால் அதற்குத் தோலுக்குள் இலக்கே இருக்காது. அதனால் லேசருக்கு முன் சில வாரங்கள் பிளக்கர், வேக்ஸிங், த்ரெடிங் எதுவும் கூடாது, ஷேவிங் மட்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். மோவாய் முழுக்கப் பிடுங்கிவிட்டு உடனே லேசர் அடிக்கிறேன் என்பவருக்கு லேசர் தெரியாது, அல்லது உங்கள் பணம் மட்டும் தெரியும். வெள்ளை முடியில் லேசர் எடுபடாது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் கொடுத்த உத்தரவாதம் எதுவும் ரசீதில் இல்லை, ‘முடி நீக்கும் சேவை’ என்று மட்டும் போட்டிருந்தது. பணம் கட்டும் முன் கருவியின் பெயரையும், முடி திரும்ப வந்தால் என்ன தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டார்கள் என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். மீதி சிட்டிங்குகளுக்கான பணத்தைக் கேட்டேன். அதற்குப் பதில் ஃபேஷியல் செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள். எழுத்தில் மறுப்புக் கொடுத்துவிட்டேன். ரசீதும் போட்டோக்களும் மருத்துவரின் சீட்டும் நுகர்வோர் புகாருக்காகக் கையில் இருக்கின்றன.