எல்ஜிபிஎல் லைப்ரரிகளை வைத்து ஆறு வருட வியாபாரம்

வீடியோ பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெழுதி அறிக்கை தயாரிக்கும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளை ஆறு வருடமாக விற்கிறோம். எங்கள் மூலநிரலை யாருக்கும் தருவதில்லை. திரை முழுக்க க்யூடி, வீடியோவை வாசிப்பது எஃப்எஃப்எம்பெக்; இரண்டும் பிறர் எழுதிய லைப்ரரிகள், அதாவது நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்கள். வணிக உரிமம் வாங்கவில்லை; எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தை நம்பியே பிழைப்பு ஓடுகிறது. லைப்ரரியின் மூலநிரலைத் தர வேண்டும், நம் சொந்த நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அப்படிச் செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் இரண்டு வருடம் நாங்கள் செய்த விதம் தப்பு.

அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒரே வாய்ப்பாடுதான்: "டைனமிக்காக லிங்க் பண்ணினால் போதும்." லைப்ரரியை நம் நிரலுக்குள் கலந்துவிடாமல், ஓடும்போது இணையும் தனிக் கோப்பாக வைப்பது அது. அந்தக் கோப்புகளான டிஎல்எல்களைத் தனியாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் வருடம் ஒரு வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு, இன்ஸ்டாலரில் இருக்கும் ஒவ்வொரு திறமூல லைப்ரரியின் பெயர், பதிப்பு, உரிமம் எல்லாவற்றையும் கேட்டது. அரை நாள் வேலை என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் இழுத்தது.

முதல் அடி எஃப்எஃப்எம்பெக்கில். அது இயல்பாக எல்ஜிபிஎல் 2.1தான். மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, 'இனேபிள்-ஜிபிஎல்' என்ற தேர்வைப் போட்டால் மொத்தமும் ஜிபிஎல்லுக்குப் போய்விடும்; சேர்த்து விநியோகிக்கும் மென்பொருளின் மூலநிரலையும் தரச்சொல்லும் கடுமையான உரிமம் அது. வீடியோவைச் சுருக்கி எழுதும் எக்ஸ்264 வேண்டுமென்றால் அதைப் போட்டே ஆகவேண்டும். 'இனேபிள்-நான்ஃப்ரீ' போட்டால் பிறருக்குக் கொடுக்கவே கூடாது. நாங்கள் எங்கே கம்பைல் செய்தோம்? யாரோ கம்பைல் செய்துவைத்த பைனரியை இறக்கிச் சேர்த்ததோடு சரி. கமாண்ட் லைனில் அதன் வெர்ஷனைக் கேட்டால் 'கான்ஃபிகரேஷன்' என்று நீளமாக ஒரு வரி வரும். அன்றுதான் அதை முதன்முறையாகப் படித்தேன். இனேபிள்-ஜிபிஎல் ஆரம்பத்திலேயே இருந்தது. எங்கள் மூலநிரலையும் ஜிபிஎல்லில் கொடு என்று யாராவது கேட்டிருந்தால் எதிர்த்துப் பேச வாயில்லை. இத்தனைக்கும் நாங்கள் வீடியோவை வாசிக்கத்தான் செய்கிறோம், எக்ஸ்264 தேவையே இல்லை! இப்போது வீடியோவை வாசிக்க வேண்டிய டிகோடர்களை மட்டும் வைத்து நாங்களே கம்பைல் செய்கிறோம். (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைகளான கோடெக்குகளின் காப்புரிமை, அதாவது பேட்டன்ட், தனிக் கதை. இந்த உரிமங்களால் அது தீராது.)

அடுத்தது க்யூடி. 5.7லிருந்து அதன் முக்கியப் பகுதிகளுக்கு எல்ஜிபிஎல் 3. ஆனால் க்யூடி சார்ட்ஸ் போன்ற சில பகுதிகள் ஜிபிஎல் அல்லது வணிக உரிமத்தில் மட்டும்தான் கிடைக்கும். எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு பட்டை வரைபடம் அதில் செய்தது. தூக்கிவிட்டுக் கையால் வரைந்தோம். அச்சு எண்கள் இன்றைக்கும் லேசாகக் கோணலாகத்தான் நிற்கும்.

அப்புறம் உண்மையான சோதனை. பயனர் லைப்ரரியைத் திருத்தி, தன் பிரதியை வைத்து நம் மென்பொருளை ஓட்ட முடிய வேண்டும். எல்ஜிபிஎல்லின் உயிரே அதுதான். ஒரு மதியம் க்யூடியின் மூலநிரலில் சின்ன மாற்றம் செய்து கம்பைல் செய்தேன். டிஎல்எல்லை மாற்றிவைத்துத் திறந்தால், "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று எங்கள் மென்பொருளே என்னை வெளியே தள்ளியது. திருட்டுப் பிரதிகளைத் தடுக்க எல்லா டிஎல்எல்லின் ஹேஷையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) சரிபார்க்கும்படி நானே எழுதியிருந்தேன். உரிமம் திறந்துவைத்த கதவுக்கு நாங்கள் பூட்டுப் போட்டிருந்தோம். இப்போது எங்கள் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிபார்க்கிறோம்.

பயனர் ஒப்பந்தத்திலும் இதே கூத்து. "எந்த வகையிலும் ரிவர்ஸ் இன்ஜினியரிங் கூடாது" என்று எங்கிருந்தோ எடுத்துப்போட்ட வரி இருந்தது; ஓடும் நிரலைப் பிரித்துப் பார்த்து அது வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடிப்பதுதான் ரிவர்ஸ் இன்ஜினியரிங். லைப்ரரியில் செய்த மாற்றங்களைப் பிழைதிருத்துவதற்காக அதைச் செய்தால் தடுக்கக் கூடாது என்கிறது எல்ஜிபிஎல். விதிவிலக்காக ஒரு வாக்கியம் சேர்த்தோம்.

எம்ஐடி, பிஎஸ்டி போன்ற நிபந்தனை குறைந்த உரிமங்கள் எல்லாம் சுலபம். ஆனாலும் எம்ஐடி உரையை ஒருமுறை ஒட்டினால் எல்லாவற்றுக்கும் ஆயிற்று என்று நினைத்தது எங்கள் சோம்பேறித்தனம். யாருக்குப் பதிப்புரிமை என்று சொல்லும் அறிவிப்பு லைப்ரரிக்கு லைப்ரரி வேறு. அது அப்படியே போக வேண்டும். அப்பாச்சி 2.0 உரிமம் என்றால் நோட்டீஸ் கோப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வெளியீட்டோடும் அதில் போன எல்ஜிபிஎல் லைப்ரரிகளின் மூலநிரலையும் அவற்றைக் கம்பைல் செய்யும் எங்கள் பில்ட் ஸ்கிரிப்டையும் சேர்த்தே பத்திரப்படுத்துகிறோம். இதுவரை கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் எழுத்துரு மங்கலாகத் தெரிவதைத் தானே சரிசெய்து, திருத்தத்தை எங்களுக்கும் அனுப்பினார்.

டெஸ்க்டாப்புக்கு மறுபடி தொடங்கினாலும் இதே வழியில்தான் போவேன். டேப்லெட் பதிப்புக்கு மட்டும் க்யூடியின் வணிக உரிமத்தை வாங்குவதாக இருக்கிறோம். மாற்றிய லைப்ரரியைப் பயனரே நிறுவும் வழியை ஆப் ஸ்டோருக்குள் செய்துதருவது எங்கள் சக்திக்கு மீறியது.

எங்கள் உரிமப் பட்டியலில் பதியாத லைப்ரரி உள்ளே வந்தால் இப்போது பில்ட், அதாவது மென்பொருளைக் கம்பைல் செய்து தயாரிக்கும் வேலை, நின்றுவிடும். போன வாரமும் நின்றது. சக நிரலாளர் சேர்த்த சின்ன நிரல் ஒன்றில் உரிமக் கோப்பே இல்லை. "அப்படியென்றால் இலவசம்தானே?" என்றார். உரிமம் இல்லையென்றால் எடுத்தாள அனுமதியே இல்லை என்று அர்த்தம். எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.