குதிகால் வலியோடு இரண்டரை வருடம்: எது கேட்டது, எது கேட்கவில்லை

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி இருக்கும், இருபது முப்பது அடி நடந்தால் கொஞ்சம் விடும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்த வலி உங்களுக்கும் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு 2023 மார்ச்சில் வலது காலில் வந்தது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் விற்பனை வேலை, தினமும் பத்து மணி நேரம் பளிங்குத் தரையில் நின்றபடிதான். சாயங்காலம் எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்துவிட்டால், ஈசூனில் இறங்குவதற்கு எழும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கோடாலித் தைலம். 1928லிருந்து சிங்கப்பூரில் இருக்கிற தைலம், ஊருக்குப் போகும்போது பெட்டியில் பத்துப் பதினைந்து போத்தல் இல்லாமல் நாம் யாரும் போவதில்லை. தேய்த்தால் குளிர்ச்சியாக இருக்கும், அந்தக் குளிர்ச்சி வலியை ஒரு மணி நேரம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். அம்மா போனில் "செங்கல்லைச் சூடு பண்ணி எருக்க இலையை வெச்சு மிதிடா தம்பி" என்றார். தேக்காவில் பூக்கட்டும் அக்காவிடம் சொல்லி வைத்து இலை வாங்கினேன், பக்கத்துப் புளோக்கில் வீடு புதுப்பித்தவர்கள் ஒரு செங்கல் கொடுத்தார்கள். அடுப்பில் காய்ச்சி, மேலே நாலு இலை அடுக்கி, பழைய துணி போட்டு மிதித்தால், சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சூடு உள்ளங்காலில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனால் மறுநாள் காலை முதல் அடி அதே அடிதான். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, இலையைத் தொட்ட கையைக் கழுவாமல் முகத்தில் வைக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் செங்கல் பக்கமே போக வேண்டாம். கால் மரத்திருந்தால் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்து புண்ணாகிவிடும்.

அப்புறம் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. 2020ல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஊற்றில் தண்ணீர் 70 டிகிரி, கால் நனைக்கிற இடத்துக்குப் படிப்படியாக ஆறித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் முட்டை வேக வைத்துக்கொண்டிருப்பார்கள். மனதுக்கு அவ்வளவு நல்லது, இன்னும் போகிறேன். ஆனால் வலிக்கு மருந்து என்று போகவில்லை.

நடுவில் ஒரு கடையில் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துச் செருப்புக்குள் வைக்கும் அட்டை வாங்கினேன். நிற்கும்போது கொஞ்சம் இதம். அந்த விலைக்கு அது பெறாது, மெத்தென்ற அடிப்பாகமுள்ள நல்ல காலணி போதும்.

அக்டோபரில்தான் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன், முன்பே போயிருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் குதி எலும்பில் ஒரு முள் மாதிரி வளர்ச்சி தெரிந்தது. பார்த்ததும் பயந்துவிட்டேன். வலியே இல்லாத நிறையப் பேருக்கும் அந்த முள் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டைதான் பிரச்சினை, பிளான்டார் ஃபாசியா என்று பெயர். ஊசி போடலாமா என்று கேட்டேன். போட்டால் சில வாரம் நன்றாக இருக்கும், திரும்ப வரலாம், அரிதாக அந்தப் பட்டை கிழிந்தும் போகலாம், முதலில் பயிற்சி செய்யுங்கள் என்று பிசியோவிடம் (உடற்பயிற்சி சொல்லித் தரும் இயன்முறை சிகிச்சையாளர்) அனுப்பினார்.

பிசியோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இந்த நார் சுமை தாங்கிப் பழகணும் அண்ணா, தேய்ச்சுக்கிட்டே இருந்தா பழகாது." 2014ல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது, வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடச் சுமையோடு குதியை உயர்த்தியவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி அதிகமாகக் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். நாள் முழுக்க நிற்கிற எனக்கு அந்த முதல் மூன்று மாதம்தான் பெரிது.

செய்முறையைச் சொல்கிறேன். ஒரு சின்னத் துண்டை இறுக்கிச் சுருட்டிப் படிக்கட்டு விளிம்பில் வையுங்கள், கால்விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி மடங்கி இருக்க வேண்டும், குதி வெளியே தொங்க வேண்டும். விரல் மடங்கினால்தான் உள்ளங்கால் நார் இறுகும், துண்டு இல்லாமல் செய்தால் கெண்டைக்கால் பயிற்சியோடு நின்றுவிடும். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மூன்று எண்ணி ஏறுங்கள், மேலே இரண்டு எண்ணி நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். ஒரு காலில் 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எனக்கு முதல் வாரம் ஒற்றைக் காலில் நாலுகூட வரவில்லை, இரண்டு காலிலும் செய்தேன். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் எடை ஏற்றி எண்ணிக்கையைக் குறைத்துச் சுற்றைக் கூட்ட வேண்டும். நான் இரண்டு கிலோ அரிசியில் ஆரம்பித்தேன், பிறகு ஐந்து கிலோ பொன்னி மூட்டையே பைக்குள் போனது. எங்கள் மாடிப்படியில் இரவு பத்து மணிக்கு அரிசிப் பையோடு நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி விசாரித்தார், இப்போது அவரும் பை இல்லாமல் செய்கிறார்.

இதோடு காலையில் கட்டிலில் இருந்தபடியே, தரையில் கால் வைக்கும் முன், கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக மேலே இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்துப் பத்து முறை செய்தேன். முதல் அடியின் குத்தலைக் குறைத்தது இதுதான்.

பலன் உடனே வரவில்லை. நவம்பரில் ஆரம்பித்தேன், முதல் மூன்று வாரம் வலி கூடின மாதிரிகூட இருந்தது. மறுநாள் காலை வலி வழக்கத்தைத் தாண்டினால் எடையைக் குறை, நிறுத்தாதே என்பது பிசியோ கொடுத்த அளவுகோல். 2024 தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கவில்லை. பதினோரு வருடம் எடுத்தவன், முருகன் கோயில் இருக்கிற டேங்க் ரோட்டில் ஓரமாக நின்று பார்த்தது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாள் கடையில் மதியச் சாப்பாடு முடித்து எழுந்து நாலு அடி வைத்த பிறகுதான், வலிக்கவில்லையே என்று உறைத்தது. ஜூனில் ஊருக்குப் போய் ஆறு வாரம் பயிற்சியை விட்டேன், திரும்பி வந்து நின்ற மூன்றாம் நாளே லேசாகத் தலைகாட்டியது. அதற்கப்புறம் விடவே இல்லை. 2025 பிப்ரவரி 11, அடுத்த தைப்பூசம், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு பால்குடம் சுமந்து போனேன். மறுநாள் காலை கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பயந்து பயந்துதான் காலை ஊன்றினேன். ஒன்றும் இல்லை.

இப்போது வாரம் இரண்டு முறை, எட்டுக் கிலோ. கால் மரத்துப் போகிறது, வீங்குகிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, இரண்டு குதியிலும் வலியோடு காலையில் இடுப்பும் நீண்ட நேரம் இறுகிக் கிடக்கிறது என்றால் அது வேறு காரணமாக இருக்கலாம், துண்டை எடுக்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.