செக் பணம் கணக்கில் ஏறிவிட்டது என்று நம்பி 1,850 டாலரை இழந்துவிட்டேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்றுக் காலை எழுந்து வங்கி ஆப்பைத் திறந்தால் 2,500 டாலர் கழிந்திருக்கிறது. செக் திரும்பியதற்கு 12 டாலர் அபராதம் வேறு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நியூஜெர்சிக்கு வந்து 14 மாதம் ஆகிறது. வீடு மாறப்போவதால் சோபாவையும் டைனிங் டேபிளையும் பழைய சாமான் விற்கும் ஒரு தளத்தில் 650 டாலருக்குப் போட்டேன். அன்றைக்கே வாங்க ஒருவர் முன்வந்தார். பேரமே பேசவில்லை. வேறு மாநிலத்திலிருந்து குடிவருகிறாராம். சாமான் ஏற்றுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே செக்காக அனுப்புகிறேன், உங்கள் 650 போக மீதி 1,850ஐ அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை கூரியரில் கவர் வந்தது. காஷியர்ஸ் செக். வங்கியே தன் பெயரில் எழுதிக் கொடுக்கும் செக், நம்மூர் டிடி மாதிரி. தடித்த தாள், வெளிச்சத்தில் பிடித்தால் வாட்டர்மார்க் தெரிந்தது, ஓரத்தில் பொடி எழுத்து. "டிடி மாதிரிதானேங்க, டிடி எங்கே திரும்பப் போகுது?" என்றாள் மனைவி. நானும் அதையேதான் நினைத்தேன். ஊரில் அப்பா பிளாட் வாங்கியபோது டிடி கொடுத்துத்தானே பத்திரம் முடித்தார்.

அன்றைக்கே கிளைக்குப் போய் கவுன்ட்டரில் போட்டேன். திங்கட்கிழமை 2,500ம் கணக்கில் இருந்தது. அப்போதும் அவசரப்படவில்லை. கிளைக்கு நேரில் போய், "இந்தச் செக் கிளியர் ஆகிவிட்டதா?" என்றே கேட்டேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சிரித்த முகமாக, "ஃபண்ட்ஸ் அவெய்லபிள்" என்றாள், அதாவது பணத்தை எடுக்கலாம் என்று. நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது வேறொன்று. அது எனக்கு உறைக்கவில்லை. வாசலில் நின்றபடியே ஆப்பில் 1,850 டாலரை அனுப்பினேன்.

ஊரில் செக் போட்டால், எழுதியவரின் வங்கி சரி என்று சொன்ன பிறகுதான் அது நம் கையில் எடுக்கக்கூடிய பணமாகும். இங்கே அப்படி இல்லை. வங்கிகள் செக் பணத்தை நாள்கணக்கில் பிடித்துவைக்கின்றன என்று 1987இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி காஷியர்ஸ் செக்கை நேரில் போட்டால் பொதுவாக மறுவேலைநாளே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தச் செக் அசலா போலியா என்று தெரிய ஒரு வாரமோ, அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை நீங்கள் எடுப்பது வங்கி முன்கூட்டிக் கொடுத்த காசு. போலி என்று தெரிந்ததும் முழுவதையும் உங்களிடமிருந்தே பிடுங்கிக்கொள்வார்கள். கணக்கு தொடங்கியபோது இதை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

நேற்று முழுவதும் போனில்தான் இருந்தேன். 40 நிமிடம் காக்கவைத்து மூன்று பேரிடம் மாற்றிவிட்டார்கள். செக்கைப் போட்டது நீங்கள், அதனால் பொறுப்பும் உங்களுடையது என்றார் ஒருவர். 1,850 டாலர் அனுப்பியதையாவது நிறுத்துங்கள் என்றால், "உங்கள் கையால் நீங்களே அனுப்பியது, அது உடனே போய்விடும், திரும்ப எடுக்க முடியாது" என்றார் அடுத்தவர். கார்டில் கட்டியிருந்தால் ஆட்சேபம் எழுப்ப வழியுண்டாம், இதற்கு இல்லையாம். சாமான் விற்கும் தளத்திலிருந்து ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். போலீஸில் ஒரு புகார் எண் கொடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை. செக்கில் பெயர் இருந்த வங்கியின் எண்ணை அவர்களுடைய தளத்தில் தேடி நேற்று அழைத்தேன். செக் எண்ணைச் சொன்னதும் மூன்றே நிமிடத்தில், "இது நாங்கள் கொடுத்ததே இல்லை" என்றார்கள். இந்த மூன்று நிமிடத்தை அன்றைக்கே செலவழித்திருந்தால் 1,850 டாலர் போயிருக்காது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு என்று எடுத்துவைத்திருந்த காசு அது.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. விலைக்கு மேல் ஒரு டாலர் கூடுதலாகச் செக் வந்தாலும் கையால் தொடாதீர்கள். செக்கில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள், வங்கியின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். பழைய சாமானை ரொக்கத்துக்கு மட்டும் விற்றுவிடுங்கள். வங்கியில் "அவெய்லபிள்" என்றால் விடாதீர்கள், செக் எழுதிய வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டதா என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்படி அனுப்பிய பணம் யாருக்காவது திரும்பக் கிடைத்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை மறுபடி கிளைக்குப் போகிறேன்.