ஸ்விஃப்ட் டீசல் ரிமேப்: ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு

ரிமேப், அதாவது என்ஜினை ஆட்டுவிக்கிற கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரைத் திருத்தி பவரை ஏற்றுவது, அதைச் செய்தால் என்ஜின் போய்விடுமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, செலவு வைத்ததெல்லாம் என்ஜினைச் சுற்றி இருக்கிற சாமான்கள்தான்.

வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். உள்ளே இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. மாருதி, டாடா, ஃபியட் என்று ஒரு காலத்தில் ரோட்டில் போகிற சின்ன டீசல் காரில் பாதிக்கு இதே என்ஜின்தான், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஸ்விஃப்டில் இது 75 எச்பி, 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவைத் திறன். ஓட்டியவர்களுக்கெல்லாம் இதன் குறை தெரியும், 2,000-க்குக் கீழே வண்டி செத்துக் கிடக்கும், அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டது மாதிரி கிளம்பும். எனக்கு கோபிசெட்டிபாளையத்திலிருந்து மைசூர் பக்கம் போக்குவரத்து அதிகம், அதாவது திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. முன்னால் கரும்பு லாரி உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டாவது கியரில் இழுக்காமல் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறக்கி ஏற்றி ஓட்டுவது எரிச்சல். வாரண்டி முடிந்து, ஓடோமீட்டர் 60,000 தொட்ட சமயத்தில் 20,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து ரிமேப் செய்தேன்.

பெட்டி வேறு, ரிமேப் வேறு. டியூனிங் பாக்ஸ் என்று விற்கிறார்களே, அது காமன் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தில் தேக்கித் தருகிற குழாய்) பிரஷர் சென்சார் வயரில் நடுவே உட்கார்ந்துகொண்டு ‘பிரஷர் குறைவாக இருக்கிறது’ என்று ஈசியூவிடம் (என்ஜின் கம்ப்யூட்டர்) பொய் சொல்லும், ஈசியூ அதை நம்பி பிரஷரை ஏற்றும். ஏற்கெனவே ஆயிரம் பாருக்கு மேல் ஓடுகிற சிஸ்டம், அங்கே போய் பொய்க் கணக்கு கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. ரிமேப்பில் ஓபிடி போர்ட் (மெக்கானிக் ஸ்கேனர் செருகுகிற இடம்) வழியாக ஈசியூவின் ஃபைலைப் படித்து, எவ்வளவு டீசல், எவ்வளவு பூஸ்ட் (டர்போ உள்ளே அழுத்தித் தள்ளுகிற காற்று), டார்க் எங்கே நிற்க வேண்டும், புகைக்கு எது வரம்பு என்று ஒவ்வொரு மேப்பையும் திருத்தி எழுதுகிறார்கள். எழுதுகிறவர் கையில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏனென்றால் டீசலில் பவரை ஏற்றுவது ரொம்ப சுலபம், டீசலைக் கூடுதலாக ஊற்றினால் போதும். அதற்கேற்ற காற்று இல்லாவிட்டால் எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வரும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் ஆபத்து, டீசலில் கூடினால்தான் சூடு. அந்தச் சூடு நேராகப் போய் விழுகிற இடம், எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழல்கிற டர்போ. பின்னால் வருகிறவன் முகத்தில் கரி பூசிக்கொண்டு போகிற வண்டியைப் பார்த்து ‘செம டியூன்’ என்கிறவர்களுடன் எனக்கு எப்போதும் சண்டைதான். புகை தள்ளுகிற டியூன் மட்டமான டியூன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே என்ஜினை மாருதியே எர்டிகாவில் 90 எச்பிக்குக் கொடுத்தது. அதற்கு டர்போவையே மாற்றி, வேகத்துக்கேற்ப உள்ளே இருக்கிற இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்கிற வேரியபிள் ஜியோமெட்ரி டர்போவைப் போட்டார்கள், அப்படியும் டார்க் 200-தான். 15 எச்பி ஏற்றியவர்கள் டார்க்கில் 10 மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். ரிமேப் கடைகளிலோ ஸ்விஃப்டின் சாதா டர்போவிலேயே 230, 240 என்று சொல்லி விற்கிறார்கள். விளம்பரத்தில் எல்லாரும் எச்பியைப் பார்க்கிறார்கள், வண்டியைத் தின்பது கீழ் ஆர்பிஎம்மில் திடீரென்று வருகிற டார்க். நான் கேட்டு வாங்கியது 220 சொச்சம். ‘இன்னும் ஏத்தலாம்ங்க, தாங்கும்’ என்றார் டியூனர். வேண்டாம் என்றேன்.

ஓட்டத்தில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. திம்பத்தில் இரண்டாவது கியரிலேயே 1,600-லிருந்து இழுக்கிறது, முதல் கியர் தேவைப்படுவது லாரி நின்றால்தான். மைலேஜ் நிதானமாக ஓட்டினால் பழையபடியே, 20-க்கு மேல், ஹைவேயில் இன்னும் கொஞ்சம் கூட. ‘மைலேஜ் ஏறும்’ என்பதற்காக மட்டும் யாராவது ரிமேப் செய்யப் போனால் தடுத்துவிடுங்கள், கொடுத்த காசுக்கு டீசல் அடித்தாலே நிறைய ஊர் சுற்றலாம்.

சரி, என்னென்ன போனது? முதலில் டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் ஹோஸ். பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அப்புறம் இழுவையே இல்லை, பின்னால் கருப்பாகப் புகை. பானெட்டைத் திறந்தால் கிளிப் இருந்த இடத்தில் ஹோஸ் நழுவிக் கிடக்கிறது, வாயைச் சுற்றி ஆயில் படலம். பழைய ரப்பர் ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது, கூடுதல் பூஸ்ட் அதைத் தள்ளிவிட்டது. கம்பெனி கொடுத்த பூஸ்டில் இன்னும் ஓரிரு வருடம் ஓடியிருக்கும். சின்னச் செலவுதான்.

பெரிய செலவு கிளட்ச். 1,10,000 வாக்கில் நான்காவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கியர்பாக்ஸை இறக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கிளட்ச் பிளேட்டில் லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தது, பிரஷர் பிளேட்டில் அங்கங்கே சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள், ஃப்ளைவீல் முகத்தில் மயிரிழை மாதிரி கீறல்கள். மெக்கானிக் அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இது தேஞ்சதில்ல, கருகுனது’ என்றார். டாப் கியரில் 1,500-லேயே ஃபுல்லாக மிதிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது எப்படியும் வரும். புதிது போட்டதிலிருந்து மிதிப்பதற்கு முன் ஒரு கியர் இறக்கிவிடுகிறேன், இன்று வரை வழுக்கவில்லை.

என்ஜின் உள்ளே? இப்போது 1,70,000 தாண்டிவிட்டது. ஆயில் குறைவதில்லை, காலையில் ஸ்டார்ட் செய்தால் டைமிங் செயின் சத்தம் இல்லை, இன்ஜெக்டர் நான்கும் ஒரிஜினல், டர்போவைத் திறந்ததே இல்லை. கம்பெனி 10,000-க்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது, நான் 7,000 வாக்கில் மாற்றிவிடுகிறேன். மலை ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடுகிறேன், நிறுத்தியதும் ஆயில் ஓட்டமும் நின்றுபோய் சூடான டர்போ பேரிங்கில் ஆயில் கருகக் கூடாது, அதற்காக. இந்த இரண்டும் ரிமேப் இல்லாத டீசலுக்கும் நல்லதுதான், ரிமேப் வண்டியில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆயில் குடிக்கிற, ஏற்கெனவே புகை விடுகிற, கிளட்ச் கடைசிக் கட்டத்தில் இருக்கிற வண்டிக்கு ரிமேப் போடாதீர்கள், உள்ளே இருக்கிற வியாதி எல்லாம் ஒரே மாதத்தில் வெளியே வரும். வாரண்டி உள்ள வண்டிக்கும் வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் க்ளைம் நேரத்தில் தகராறு வரலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் ஈசியூ சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் ரிமேப் அழிந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

டியூனரிடம் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு ஒரு பென்டிரைவில் வாங்கி வைத்திருக்கிறேன். விற்கும்போது வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி, வேண்டாம் என்றால் பழையதையே ஏற்றிக் கொடுத்துவிடலாம். இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை, அடுத்து என்ஜின் மவுன்டிங் மாற்ற வேண்டியிருக்கிறது.