மூன்றாம் சிலிண்டரின் கோளாறைக் கண்டுபிடித்த பணிமனை

எனது 2007ஆம் ஆண்டு சான்ட்ரோ கார், மழைக்காலக் காலைகளில் ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) நடுங்கி, மேடு ஏறும்போது இழுவையின்றித் திணறி வந்தது. வேறு இரண்டு பணிமனைகளில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியும் குறை தீரவில்லை. கோவை சிங்காநல்லூரிலுள்ள இந்தச் சிறிய பணிமனையின் மெக்கானிக், எதையும் மாற்றச் சொல்லாமல், ஓடும் என்ஜினில், சிலிண்டர்களுக்கு எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை; அதாவது, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பின்பு ஷெட்டின் விளக்கை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயர்களின் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தார்; மூன்றாம் வயரிலிருந்து நீலப் பொறி சிலிண்டர் ஹெட்டுக்குத் தாவியதை நானே கண்டேன். ரப்பர் உறையில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. கம்ப்ரெஷனையும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளந்து, நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறையச் சமமாக இருப்பதைக் காட்டிய பிறகே வயர் செட்டை மாற்றினார். அரை நாள் காத்திருக்க நேர்ந்தாலும், அடுத்த சர்வீஸுக்கும் இங்கேயே வண்டியை விடுவேன்.