தர்மபுரி பிஎஸ்சியா, ஐசரா, அக்ரியா: உள்ள போற கேட்டும் வெளிய வர்ற கேட்டும்

போன மே மாசம், ப்ளஸ் ஒன் பரீட்சை முடிச்ச கையோட எங்க அக்கா பொண்ணு பாலக்கோட்டுல இருந்து பஸ் ஏறி நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டா. கையில ஒரு லாங் சைஸ் நோட்டு, நடுப்பக்கத்துல ஸ்கேல் வச்சு கோடு போட்டு மூணு கட்டம், ஒண்ணுல பிஎஸ்சி பிசிக்ஸ், ஒண்ணுல ஐசர் (மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), ஒண்ணுல பிஎஸ்சி அக்ரி. "மாமா, சேர என்ன வேணும், முடிச்சா என்ன கிடைக்கும், இது ரெண்டு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்"னா. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், மேத்ஸ் பயாலஜி குரூப். மூணுக்குமே தகுதி இருக்கற பொண்ணு. அன்னைக்கு அவளுக்கு சொன்னத தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா நம்ம பக்கம் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைன்னு எந்த ஊர்ல பாத்தாலும் இதே கேள்வி தான் ஓடுது.

முதல்ல லோக்கல் பிஎஸ்சி. தர்மபுரி அரசு கலைக் கல்லூரி, கிருஷ்ணகிரி அரசு ஆடவர் கலைக் கல்லூரி ரெண்டும் 60கள்ல ஆரம்பிச்சது, இப்ப ரெண்டும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. இது போக கிருஷ்ணகிரில பெண்கள் கல்லூரி, ஓசூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம்னு அரசு கல்லூரிங்க இருக்கு. நுழைவுத் தேர்வுன்னு ஒண்ணும் கிடையாது. ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற நேரத்துல ஆன்லைன்ல விண்ணப்பம் போடணும், மொழிப்பாடம் ரெண்டையும் விட்டுட்டு மீதி நாலு பாடத்தோட 400 மார்க்க வச்சு ரேங்க் லிஸ்ட் போடுவாங்க, அதுக்கு மேல 69 சதவீத இட ஒதுக்கீடு. இப்பல்லாம் பி.காமுக்கும் கம்ப்யூட்டர் சயின்சுக்கும் தான் அடிதடி, பிசிக்சுக்கும் மேத்சுக்கும் கடைசி கவுன்சிலிங் வரைக்கும் சீட் கிடக்கறத நானே பாத்திருக்கேன். டியூஷன் பீஸ் கிடையாது, மத்த பீஸ் எல்லாம் சேத்தா கூட வருஷத்துக்கு சில ஆயிரம் தான். 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணா இருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்ல அதே 1,000. அதாவது காசால யாரும் வெளிய நிக்க வேண்டியதில்ல, மார்க்காலயும் பெரும்பாலும் நிக்க வேண்டியதில்ல.

ஐசர் அப்படியே தலைகீழ். புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர்னு நாடு முழுக்க மொத்தம் 7 இருக்கு, நமக்கு கிட்ட திருப்பதி தான். 5 வருஷம், பிஎஸ்-எம்எஸ்னு ரெண்டு டிகிரியும் சேர்ந்தே வரும். ப்ளஸ் டூல 60 சதவீதம் இருந்தா போதும், எஸ்சி எஸ்டிக்கு 55. அதுக்கு மேல நீ 590 வாங்கினாலும் அந்த மார்க்க யாரும் பாக்க மாட்டாங்க, ஐஏடின்னு ஒரு பரீட்சை, அது மட்டும் தான் கணக்கு. 3 மணி நேரம், 60 கேள்வி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி நாலுலயும் 15 15, சரியா போட்டா 4 மார்க், தப்பா போட்டா 1 கழியும். நாலு பாடத்துல ஏதாவது மூணு ப்ளஸ் டூல படிச்சிருந்தா எழுதலாம், ஆனா கேள்வி நாலுலயும் வரும்ங்கறத மறந்துடாதீங்க. மேத்ஸ் பயாலஜி குரூப் எடுத்த நம்ம பசங்களுக்கு இதுல ஒரு அனுகூலம் இருக்கு, ஏன்னா நாலுமே அவங்க படிக்கற பாடம் தான். கஷ்டம் எங்கன்னா கேள்வித்தாள் தமிழ்ல வராது. நாலு பாடத்தையும் தமிழ்ல புரிஞ்சு வச்சிருக்கற புள்ள 'டார்க்' (torque)னு பாத்ததும் திருப்புவிசைன்னு மனசுக்குள்ள மாத்தி யோசிக்கறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போயிடும்.

அதே ஐஏடி ஸ்கோர வச்சு பெங்களூரு ஐஐஎஸ்சில 4 வருஷ பிஎஸ் ரிசர்ச்சுக்கும் போடலாம், அதுக்கு தனியா அப்ளை பண்ணணும். கிருஷ்ணகிரில இருந்து 90 கிலோமீட்டர் தான். நம்ம ஊர்க்காரங்க காய்கறி லோடு ஏத்திட்டு தினம் போயிட்டு வர்ற ஊர்ல இந்தியாவோட பெரிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அதுக்கு ப்ளஸ் டூ முடிச்சதுமே போகலாம்னு நம்ம பள்ளிக்கூடங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்னு நினைச்சா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

மூணாவது அக்ரி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், 4 வருஷம், நுழைவுத் தேர்வு இல்ல, ப்ளஸ் டூ மார்க்க 200க்கு கட்ஆஃபா மாத்தி கவுன்சிலிங். ஆனா போட்டி கடுமை, நீட்ல கிடைக்காதுன்னு தெரிஞ்ச புள்ளைங்க எல்லாம் இங்க தான் வருவாங்க. அரசுப் பள்ளி பசங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021ல இருந்து இதுக்கும் இருக்கு, நம்ம மாவட்டத்து பசங்களுக்கு இது நிஜமான வழி.

இனிமே தான் முக்கியமான விஷயம். உள்ள போற கேட்ட மட்டும் பாத்துட்டு "லோக்கல் பிஎஸ்சி ஈசி, ஐசர் கஷ்டம்"னு முடிவு பண்றோம்ல, அது பாதிக் கணக்கு. ஐசருக்கு கேட்டு 12வதுல நிக்குது. லோக்கல் பிஎஸ்சிக்கு அதே உயரத்துல ஒரு கேட்டு மூணாவது வருஷம் அக்டோபர்ல இருந்து அடுத்த ஜூன் வரைக்கும் நிக்குது, அது அங்க நிக்குதுன்னு உள்ள போறப்ப யாரும் சொல்றதில்ல.

என் கதையே அது தான். நான் பிஎஸ்சி பிசிக்ஸ் இதே மாவட்டத்துல தான் படிச்சேன். ஐஐடில எம்எஸ்சி பிசிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஜாம்னு ஒரு பரீட்சை, பிஎஸ்சி படிக்கற யாரு வேணா எழுதலாம்னு எனக்கு தெரிய வந்தது பைனல் இயர் ஜனவரில, அதுவும் பெங்களூரு போற பஸ்சுல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த ஒரு அண்ணன் சொல்லி. சந்தோஷமா அன்னைக்கு ராத்திரியே பாத்தா விண்ணப்பம் அக்டோபர்லயே முடிஞ்சு போச்சு, பரீட்சை பிப்ரவரில. மூணு வருஷமா ஒருத்தர் கூட வாயத் திறந்து சொல்லல. அடுத்த வருஷம் எழுதலாம்னா வீட்டு நிலைமை ஒத்துக்கல, சேலத்துல எம்எஸ்சி சேர்ந்துட்டேன். அந்த ஒரு வருஷத்த இன்னைக்கு நினைச்சாலும் மனசு ஆறல.

அதனால லோக்கல் பிஎஸ்சி சேர்றவங்க முதல் செமஸ்டர்லயே ஜாம் சிலபஸ் எடுத்து சுவத்துல ஒட்டிடுங்க. 100 மார்க், 60 கேள்வி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயோடெக், ஜியாலஜின்னு மொத்தம் 7 பேப்பர். நம்ம யுனிவர்சிட்டி பேப்பர்ல "வருவி, நிறுவு"ன்னு பத்து மார்க் கேள்வி வரும், மனப்பாடம் பண்ணியே பாஸ் பண்ணிடலாம், ஜாம்ல டெரிவேஷன யாரும் கேக்க மாட்டாங்க, அந்த டெரிவேஷன் எந்த இடத்துல உடையும்னு கேப்பாங்க. இன்னொண்ணு அரியர். ஃபர்ஸ்ட் இயர்ல துணைப்பாடமா வர்ற அலைட் மேத்ஸ்ல அரியர் வச்சுட்டு 'அப்புறம் கிளியர் பண்ணிக்கலாம்'னு திரியறவங்க, ஐஐடி சீட் கிடைச்சாலும் அவங்க சொல்ற தேதிக்குள்ள டிகிரி முடிச்ச சர்டிபிகேட் காட்ட முடியாம விட்டுடறாங்க. ஜாம் கிளியர் பண்ணிட்டா அந்த இடத்துல நீயும் ஐசர் பையனும் கிட்டத்தட்ட ஒரே ரோட்டுக்கு வந்துடறீங்க. அடுத்து சிஎஸ்ஐஆர் நெட்னு ஒரு தேசிய பரீட்சை, அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா பிஎச்டி படிக்க மாசம் 37,000 ரூபா, அதுல எந்த காலேஜ்ல பிஎஸ்சின்னு கேக்கவே மாட்டாங்க.

ஆராய்ச்சி வேண்டாம், வாத்தியார் வேலை போதும்னா கணக்க தெளிவா போட்டுப் பாருங்க. பிஎஸ்சி 3, பிஎட் 2, அப்புறம் டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வோட ரெண்டாம் தாள், அதுக்கு மேல ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) வைக்கற பரீட்சை. பிஜி ஆசிரியர்னா நடுவுல எம்எஸ்சி 2 சேரும், மொத்தம் 7 வருஷம், அதுக்கப்புறமும் நோட்டிபிகேஷன் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். மைசூர் ஆர்ஐஇன்னு மத்திய அரசோட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கு, அங்க பிஎஸ்சியும் பிஎட்டும் சேர்த்து 4 வருஷத்துல முடியும், தமிழ்நாட்டு பசங்களுக்கும் அங்க இடம் உண்டு, என்சிஇடின்னு ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும். வாத்தியார் ஆகணும்னு பத்தாவதுலயே முடிவு பண்ணின புள்ளைக்கு இத விட நல்ல வழி நம்ம பக்கத்துல எனக்கு தெரிஞ்சு இல்ல.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு பத்தாவது போதும், குரூப் 2க்கு ஏதாவது ஒரு டிகிரி. அதுக்காக மட்டும் பிசிக்ஸ் எடுத்து மூணு வருஷம் அவஸ்தைப்படாதீங்க.

பிஎஸ்சி முடிச்சதும் உடனே வேலைன்னா ஓசூர் சிப்காட், ஐடி கம்பெனிகளோட பிஎஸ்சி பிசிஏ ஆளெடுப்பு, இல்ல நம்ம ஊர் மாம்பழக் கூழ் பேக்டரி. என் கூட படிச்ச கெமிஸ்ட்ரி பையன் ஒருத்தன் கூழ் பேக்டரி லேப்ல சேர்ந்தான். ஒரு தடவ அவன பாக்கப் போயிருந்தேன், ஜூன் மாசம், வாசல்ல தோத்தாபுரி லோடு லாரி வரிசையா நிக்குது, உள்ள அவன் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடில ஒரு சொட்டு கூழ் விட்டு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பாக்கறான், நோட்டுல எழுதறான், தொடைக்கறான், அடுத்த சொட்டு. ராத்திரி ரெண்டு மணி ஷிப்டுலயும் அதே வேலை. நல்ல வேலை தான், ஆனா சீசன் முடிஞ்சா லேப்ல பாதிப் பேருக்கு வேலை இல்ல. அவன் மூணு சீசன் பாத்துட்டு எம்எஸ்சி படிக்கப் போனான், இப்ப மருந்துக் கம்பெனில நிரந்தர வேலை. வெறும் பிஎஸ்சி கெமிஸ்ட்ரிக்கும் எம்எஸ்சி கெமிஸ்ட்ரிக்கும் வித்தியாசம் என்னன்னு அவன கேட்டா தெளிவா சொல்லுவான்.

ஐசர் முடிச்சா? பெரும்பாலும் பிஎச்டி பக்கம் தான் போவாங்க, இந்தியாவுலயோ வெளிநாட்டுலயோ. அஞ்சு வருஷம் படிச்சதால அமெரிக்காவுல '16 வருஷ படிப்பு வேணும்'னு கேக்கற இடங்கள்ல தடை இருக்காது, நம்ம 3 வருஷ பிஎஸ்சிக்கு அது பல இடத்துல இடிக்கும். ஆனா இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி கேம்பஸ்ல கம்பெனிங்க வரிசை கட்டும்னு எதிர்பாத்து போகாதீங்க. அறிவியல் மேல நிஜமான ஆசை இருக்கணும், 27, 28 வயசு வரைக்கும் ஸ்டைபெண்டுல தான் ஓடும்னு வீட்டுலயும் முன்கூட்டியே சொல்லிடணும். பீஸ பாத்து பயப்பட வேண்டாம்: 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சுட்டு ஐஐடி, ஐஐஎஸ்சி மாதிரி இடத்துக்குப் போற பசங்களோட படிப்பு செலவ தமிழ்நாடு அரசே ஏத்துக்கும்னு 2022 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, சீட் கிடைச்சதும் பள்ளிக்கூடம் மூலமா அத கேட்டு வாங்கணும்.

அக்ரில வெளிய வர்ற கேட்டு மூணுலயும் அகலமானது, இத ஒத்துக்கணும். டிஎன்பிஎஸ்சில வேளாண்மை அலுவலர், பேங்க்ல ஐபிபிஎஸ் மூலமா அக்ரிகல்ச்சர் ஃபீல்டு ஆபிசர், விதை உரக் கம்பெனிங்க, எம்எஸ்சி படிக்க ஐசிஏஆர் நுழைவுத் தேர்வு. பூச்சி மருந்துக் கடை லைசென்சும் எடுக்கலாம், அதுக்கு கெமிஸ்ட்ரி, பாட்டனி, சுவாலஜி பிஎஸ்சியும் செல்லும், பல பேருக்கு இது தெரியாது. ஃபைனல் இயர் பசங்க கிராமத்துல தங்கிப் படிக்க வருவாங்க. எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு பொண்ணு வேப்ப மரத்துல சார்ட்டு மாட்டி தக்காளி ஊசிப்புழு பத்தி சொல்லிக்கிட்டிருந்தா, அந்தத் தோட்டக்கார தாத்தா பொறுமையா கேட்டுட்டு "கண்ணு, கிலோ ரெண்டு ரூபாய்க்கு போறப்ப புழுவ எவன் பாப்பான்"னார். அந்தப் பொண்ணு நோட்ட மூடிட்டு அவர் பக்கத்துல உக்காந்து ராயக்கோட்டை மார்க்கெட் கதைய ஒரு மணி நேரம் கேட்டா. அந்தப் படிப்பு மேல எனக்கு மரியாதை வந்தது அன்னைக்கு தான்.

ஒரு சர்டிபிகேட் விஷயம், இதுல தான் நல்ல ரேங்க் எடுத்த பசங்க கூட கோட்டை விடறாங்க. மாநில காலேஜுக்கு நம்ம சாதிச் சான்றிதழ் போதும். ஐசர், ஐஐடி மாதிரி மத்திய இடங்களுக்கு பிசி, எம்பிசி பசங்க ஓபிசி நான் கிரீமி லேயர் சான்றிதழ் தனியா வாங்கணும், அந்த நிதியாண்டுல வாங்கினதா இருக்கணும், அதாவது ஏப்ரல் 1க்கு அப்புறம் தேதி போட்டது. மத்திய ஓபிசி லிஸ்ட்ல உங்க சாதி பேரு இருக்கான்னும் முன்னாடியே பாத்துக்கோங்க. ஈசேவை மையத்துல போட்டா உடனே கைக்கு வராது, வருமானச் சான்று கேப்பாங்க, அதுக்கு தனியா நாள் ஆகும். தெரிஞ்ச பையன் ஒருத்தன் பழைய தேதி சர்டிபிகேட்ட அப்லோடு பண்ணிட்டு ஜெனரல் லிஸ்டுக்கு தள்ளப்பட்டு சீட்ட விட்டான்.

அக்கா பொண்ணு அன்னைக்கு சாயங்காலம் நோட்டுல கோடெல்லாம் அடிச்சுட்டு புதுசா எழுதினா. ஐஏடி ஒழுங்கா எழுதறது, கிடைச்சா திருப்பதி. இல்லன்னா அக்ரி கவுன்சிலிங். அதுவும் இல்லன்னா தர்மபுரியில பிஎஸ்சி பிசிக்ஸ், பக்கத்துலயே பென்சில்ல 'ஜாம், முதல் நாளே'. என்சிஇஆர்டி புக்கு நாலு பாடத்துக்கும் பழைய புத்தகக் கடையில வாங்கிக் கொடுத்தேன், தமிழ்ப் புத்தகத்த பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இங்கிலீஷ் வார்த்தைய மார்ஜின்ல எழுதிக்கிட்டே வர்றா, இதுவரைக்கும் ஏழு சாப்டர் ஆச்சு. ஞாயித்துக்கிழமை காலைல 7 மணி பஸ்சுக்கு கிளம்பி வந்துடுவா, இந்த வாரம் சுழற்சி இயக்கம், அதுல திருப்புவிசை கணக்கு மட்டும் இருபது எடுத்து வச்சிருக்கேன்.