பதினைந்து வெள்ளி ஓபிடி டாங்கிள்: வால்வ் டைமிங் மின்கோளாறில் எதுவரை கைகொடுக்கும்?

சிங்கப்பூரில் என்ஜின் விளக்கு எரிந்ததும் ஷாப்பியிலோ லசாடாவிலோ பலர் முதலில் தேடுவது, காரின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) போர்ட்டில் செருகும் நீல நிற ப்ளூடூத் டாங்கிளைத்தான். மேலே 'இஎல்எம்327' என்று சிப்பின் பெயர் எழுதியிருக்கும், விலை பத்துப் பதினைந்து வெள்ளி. வால்வ் டைமிங்கில், அதாவது என்ஜின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பில், மின்கோளாறு வந்தால் இது பாதி வேலைதான் செய்யும். எந்தப் பாதி என்று தெரிந்து வாங்கினால் நல்ல பொருள். தெரியாமல் வாங்கினால், அந்த நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் மின்வால்வை, நல்ல ஓசிவியை (ஆயில் கண்ட்ரோல் வால்வ்), கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

கோளாறு எண்ணை (கோடு) படிப்பதில் குறை இல்லை. பட்டறை ஸ்கேனர் காட்டும் அதே பி0010, பி0011 எண்களைத்தான் இதுவும் காட்டுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பி0010 வந்தால் ஆயில் கண்ட்ரோல் வால்வுக்குப் போகும் மின்சுற்றில் சிக்கல்: வயர் அறுந்திருக்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம், காயில் போயிருக்கலாம். பி0011 வந்தால் மின்சாரம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஈசியு (என்ஜினின் கணினி) சொன்ன இடத்துக்குக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) திரும்பவில்லை என்பதே பொருள். அழுக்கு எண்ணெய், ஒட்டிக்கொண்ட வால்வ், நீண்டுபோன செயின் பக்கம் பார்க்க வேண்டும். கோளாறு எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோளாறு வந்த நொடியின் பதிவு) பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

டாங்கிளின் பெரிய பலவீனம் லைவ் டேட்டாவில், அதாவது என்ஜின் ஓடும்போதே வரும் அளவுகளில்தான். சில ஆப்கள் டொயோட்டாவின் ஓசிவி டியூட்டி (மின்சாரம் எத்தனை சதவீத நேரம் கொடுக்கப்படுகிறது), கேம் கோணம் இரண்டையும் காட்டும். ஆனால் திரையில் ஓடும் டியூட்டி எண், ஈசியு போட்ட உத்தரவு மட்டுமே. அது காயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த எண்ணில் இல்லை. வயர் அறுந்திருந்தாலும் உத்தரவு ஓடலாம். தவிர, மலிவு டாங்கிளில் நாலைந்து அளவுகளைச் சேர்த்துத் திறந்தால் எண்கள் தாமதமாகத்தான் மாறும். கண நேரம் விட்டுப்போகும் தொடர்பு கண்ணில் படவே படாது.

அதனால் சிம் லிம் டவரில் ஒரு சுமாரான மல்டிமீட்டரும் சேர்த்து வாங்குங்கள். டொயோட்டா 1என்இசட்-எஃப்இ என்ஜினில் ஓசிவி காயிலின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம். நம் ஊரில் 20 டிகிரி எங்கே இருக்கிறது? செம்புக் காயில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். புளோக்குக்குக் கீழே மதிய வெயிலில் 32 டிகிரி என்றால் 7.2 முதல் 8.3 வரை சரி. ஓடி நின்ற சூட்டில், 90 டிகிரியில், 9 ஓமுக்கு மேல் காட்டினாலும் காயில் நல்லதுதான். இந்தக் கணக்கைப் போடாமல் நல்ல வால்வைக் குப்பையில் போடுகிறார்கள். இரவு முழுதும் ஆறிய என்ஜினில், காலையில் அளப்பது நல்லது. அளக்கும் முன் மீட்டர் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மலிவுக் கம்பி அரை ஓம் வரை காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிளக்கில் 12 வோல்ட் தேடுவதிலும் ஒரு பொறி உண்டு. சில கார்களில் ஒரு வயருக்கு ஃபியூஸ் வழியாக நேரே 12 வோல்ட் வரும், மற்றதை ஈசியு எர்த் செய்யும். மேலே சொன்ன டொயோட்டாவில் இரண்டு வயரும் ஈசியுவுக்கே போகின்றன. சாவியைத் திருப்பிவிட்டு அங்கே 12 வோல்ட் வரவில்லை என்று ஃபியூஸைத் தேடி அலைந்து பயனில்லை.

டாங்கிள் தராத பதிலை இரண்டு ஜம்பர் வயர் தந்துவிடும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஓசிவி பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட வயர் வழியாக பேட்டரி மின்சாரத்தை வால்வுக்கு ஒரு நொடி கொடுங்கள். என்ஜின் தடுமாறினாலோ நின்றாலோ காயில், வால்வ், எண்ணெய் வழி மூன்றும் சரி. கோளாறு வயரிலோ ஈசியுவிலோதான். ஒன்றும் நடக்கவில்லை என்றால் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

வயரைச் சோதிக்க ஓம் மீட்டர் போதாது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது ஒரு ஓமுக்குக் கீழேதான் காட்டும். இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியு பிளக்கை எடுத்துவிட்டு, பேட்டரி முனைகளிலிருந்து நேரே அந்த வயர் வழியாக 21 வாட் சிக்னல் பல்பை எரித்துப் பாருங்கள். பல்பும் ஓசிவியும் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றே, ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல். பல்பு மங்கினால் வயருக்குள் புண். எரியும்போதே வயரை அங்கங்கே வளைத்து ஆட்டினால் புண் எந்த இடத்தில் என்பதும் பல்பின் சிமிட்டலில் தெரிந்துவிடும். பிளக்குக்குள் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெர்சிடிஸ் எம்271, எம்272 என்ஜின்களில் கேம் மேக்னட் (கேம் டைமிங்கை மாற்றும் மின்காந்தம்) கசிந்து, எண்ணெய் வயருக்குள்ளேயே ஊர்ந்து ஈசியுவரை போவது தெரிந்த கதை.

இனி வாங்கும் விஷயம். 'பதிப்பு 1.5' என்று பெட்டியில் இருந்தால் அது நகல்தான். அந்தப் பதிப்பை இஎல்எம் நிறுவனம் வெளியிடவே இல்லை. நகல் என்றாலும் 1.5 பெரும்பாலும் ஓடும். '2.1' என்று விற்பவற்றில் பல, கட்டளைகளைப் பாதியில் விழுங்கிவிடும், அவற்றைத் தவிர்க்கலாம். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத் 4.0 அல்லது வைஃபை வகை வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் டாங்கிளைக் காரின் ஓபிடி போர்ட்டிலிருந்து கழற்றி வையுங்கள். அந்தப் போர்ட்டின் 16ஆவது பின்னில் எப்போதும் மின்சாரம் உண்டு, வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும்.